வில் வைத்த வண்டியும் முரட்டுப் பாதையும்

(சென்னையில் நடந்த குறுவளமையக் கூட்டம் ஒன்றில் தொடக்க, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தின் கஷ்டம் ஐந்தாம் பாடவேளை எடுப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் வெறுங்கையோடு வராமல் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பையில் ஆறு பொம்மைக் கார்கள் இருக்கின்றன. எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்தவை. சாவி கிடையாது, மோட்டார் கிடையாது, பின்னால் இழுத்துவிடும் விசையும் கிடையாது. சாய்ந்த பலகையில் வைத்துக் கையை எடுத்தால் தானாக உருண்டு போகும், அவ்வளவுதான்.

நான் மயிலாப்பூர்ப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். இன்று பேசப்போவது இந்தக் கார்களின் அடியில் இருக்கும் சஸ்பென்ஷன் பற்றி. அதிர்வு தாங்கும் அமைப்பு என்று எழுதலாம். எங்கள் பிள்ளைகள் ‘வில்லு’ என்கிறார்கள். எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது, அதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்துதான் மற்றதெல்லாம் தொடங்கியது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், வானவில் மன்றச் செயல்பாட்டின் தொடர்ச்சியாக, எட்டாம் வகுப்பில் கார் செய்யச் சொன்னேன். தண்ணீர் பாட்டில் மூடி நான்கு, சைக்கிள் கடையில் வாங்கிய பழைய ஸ்போக்ஸ் கம்பி, ஸ்டிரா, அட்டை. ஸ்டிராவை அட்டையின் அடியில் ஒட்ட வேண்டும், அதற்குள் கம்பி சுழல வேண்டும், கம்பியின் முனைகளில் மூடிகள். பிள்ளைகள் ஒரு பாடவேளையில் முடித்துவிட்டார்கள். எங்கள் தாழ்வாரத்தில் அப்போதுதான் புதிதாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். பலகையைச் சாய்த்து வைத்து ஒவ்வொன்றாக விட்டோம். எது அதிக தூரம் போகிறதோ அதற்கு அதிக மதிப்பெண் என்று நான்தான் விதி போட்டேன்.

ஒரு மாணவன் மட்டும் சொன்னபடி செய்யவில்லை. ஸ்டிராவுக்கும் அட்டைக்கும் நடுவில் மெத்தை ஸ்பாஞ்ச் வைத்து ஒட்டியிருந்தான். அவனுடைய கார் இரண்டு மீட்டர் போவதற்குள் வளைந்து சுவரில் முட்டிக்கொண்டது. மற்றவை நான்கு, ஐந்து மீட்டர் போயின. “மிஸ், இது டைல்ஸ்ல போவாது. எங்க ரோட்ல விட்டா இது ஒண்ணுதான் போவும்” என்றான். “இங்கே டைல்ஸ்தானே இருக்கு?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. பத்துக்கு நான்கு போட்டு, ‘மறுபடி செய்க’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அவன் குடும்பம் மயிலாப்பூரில் ஆற்றோரம் இருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் ஒன்று. பள்ளியை மட்டும் மாற்றவில்லை. காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் பேருந்து. முதல் பாடவேளைக்குப் பாதி நாள் தாமதம். எழுத்துத் தேர்வுகளில் தேர்ச்சி எல்லையில் ஊசலாடுகிறவன். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அப்படிக் கேட்டேன்.

அடுத்த வாரம் மதிய இடைவேளையில் விளையாட்டுத் திடலின் மூலையில் ஒரு கூட்டம். அங்கே பழைய சிமென்ட் தளம் பெயர்ந்து, ஜல்லி தெரியும். பிள்ளைகள் பலகையை அங்கே தூக்கிப்போய் வைத்து, என் வகுப்பில் ஐந்து மீட்டர் ஓடிய கார்களை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு துள்ளல், ஒரு புரளல், அதோடு சரி. ஸ்பாஞ்ச் வைத்த கார் தத்தித் தத்திப் போய்க்கொண்டே இருந்தது. இங்கும் வளைந்துதான் போனது, ஆனால் போனது. நான் தூரத்தில் நின்று பார்த்தேன். சமதளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மேடு பள்ளத்துக்காகச் செய்த பொருளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். மறுநாள் வகுப்பில் மதிப்பீட்டுத் தாளை வாங்கி, அந்த நான்கை எல்லார் முன்னாலும் அடித்தேன். போட்ட விதி என்னுடையது, அது தவறான விதி என்றும் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தாளைத் திருப்பி வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு நாங்கள் காரைத் தொடவில்லை. முதலில் பாதை செய்தோம். விழா முடிந்து கழற்றிப்போட்ட பத்தடி பிளெக்ஸ் பேனர் ஒன்று கிடைத்தது. அதன் பின்பக்கத்தில் சணல் கயிற்றைக் குறுக்கே வரி வரியாக ஒட்டினோம். சில இடத்தில் முழு அகலத்துக்கும், சில இடத்தில் இடப்பாதி மட்டும், சில இடத்தில் வலப்பாதி மட்டும். பாதிக் கயிறு முக்கியம்; ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்போதுதான் வண்டியின் குணம் தெரியும். கயிறு சக்கரத்துக்குத் தகுந்த தடிமனாக இருக்க வேண்டும். பாட்டில் மூடியின் விட்டம் ஏறக்குறைய 3 செ.மீ. அப்படியானால் மேடு 4, 5 மி.மீ. போதும். ஆரத்தை நெருங்கும் உயரமாக இருந்தால் எந்தச் சக்கரமும் ஏறாது, முட்டிக்கொண்டு நிற்கும். இதை யாரும் சொல்லித்தர வேண்டாம், தடித்த தாம்புக் கயிறு ஒட்டிய அணி ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். பேனரைச் சுருட்டினால் கக்கத்தில் அடங்கும். பீரோவுக்குப் பின்னால் நிற்கும்.

பாதை வந்ததும் முதலில் எழுந்த கேள்வி, வழவழப்பான டைல்ஸிலேயே சில கார்கள் ஏன் ஒரு பக்கமாக இழுக்கின்றன என்பது. இங்கே தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் கொஞ்சம் கவனியுங்கள், இது மூன்றாம் வகுப்பிலேயே செய்யக்கூடியது. முக்காலி ஆடுமா? ஆடாது. நாற்காலி ஆடும். மூன்று கால்கள் எந்தத் தரையிலும் உட்கார்ந்துவிடும். நான்காவது கால் வந்தால்தான் சண்டை. விறைப்பான அட்டையில் நான்கு சக்கரம் ஒட்டினால், பெரும்பாலும் மூன்றுதான் தரையைத் தொடும். பழைய பேருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் செருகிப் பாருங்கள். எந்தச் சக்கரத்தின் அடியில் சீட்டு தடையின்றி நுழைகிறதோ அது சும்மா தொங்குகிறது. குழந்தை பழகும் நடைவண்டிக்கு ஏன் மூன்று சக்கரம், ஆட்டோவுக்கு ஏன் மூன்று என்று பேச்சு தானாகப் போகும். ஆட்டோவுக்கு மூன்று சக்கரம் வைத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் மூன்றும் எப்போதும் தரையில் இருக்கும் என்பது உண்மை.

ஆக வில்லின் முதல் வேலை சொகுசு கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கே ஒரு திருத்தம் கிடைத்தது. நான்கு சக்கரத்தையும் தரையில் வைத்திருப்பதுதான் முதல் வேலை. தரையைத் தொடாத சக்கரத்தால் வண்டியை நேராகக் கொண்டுபோகவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

இந்த முதல் வேலையை வில்லே இல்லாமல் செய்து காட்டினாள் ஒரு மாணவி. இந்தப் பச்சைக் காரைப் பாருங்கள். பின் அச்சு அட்டையோடு ஒட்டியிருக்கிறது. முன் அச்சை ஓர் ஐஸ் குச்சியில் கட்டி, குச்சியின் நடுவில் ஒரே ஒரு குண்டூசி. முன் அச்சு தராசுக் கோல் மாதிரி இருபுறமும் சாயும். இடச் சக்கரம் மேட்டில் ஏறினால் வலது இறங்கிக்கொள்ளும். அட்டைக்கு அது மூன்று கால்தான்: பின்னால் இரண்டு, முன்னால் நடுவில் ஒன்று. டிராக்டரின் முன் அச்சு இப்படித்தான் நடுவில் ஒரு முளையில் தொங்குகிறது. செங்கல்பட்டுப் பக்கம் சித்தப்பா வீட்டு டிராக்டரை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு குண்டூசியில் முடிந்த வேலை இது. எனக்கு இந்த ஆறில் மிகவும் பிடித்தது இதுதான்.

அடுத்து ஸ்பாஞ்ச். அந்தப் பையனுடைய கார் ஏன் வளைந்தது? மதிப்பெண் தவறு என்றாலும் காரில் கோளாறு இருந்தது உண்மைதானே. ஸ்பாஞ்ச் மேலும் கீழும் மட்டும் அமுங்கினால் சரி. அது முன்னும் பின்னும் அசையும், முறுக்கிக்கொள்ளவும் செய்யும். அச்சின் ஒரு முனை கொஞ்சம் முன்னே தள்ளினால் அச்சு கோணலாகிவிடும், வண்டி வளையும். எந்தத் திசையில் அசையலாம், எந்தத் திசையில் அசையக்கூடாது என்று பிரிப்பதுதான் இந்த வேலையின் பாதி. அவனே சரிசெய்தான். அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோவின் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனிக் கையில் இருக்கின்றன. கை முன்னால் கீல் மாதிரி மாட்டியிருக்கும், சக்கரம் ஏறினால் கையோடு மேலே போகும், பக்கவாட்டில் நகராது. அதைப் போலவே இரண்டு ஐஸ் குச்சிகளை முன்முனையில் துணி பிளாஸ்டரால் அட்டையோடு ஒட்டினான். பின்முனைகளில் ஸ்டிரா. குச்சிக்கும் அட்டைக்கும் நடுவில் அதே ஸ்பாஞ்ச். கார் நேராக ஓடியது. பிளாஸ்டரைக் கீலாகப் பயன்படுத்தலாம் என்பது எனக்குத் தோன்றியிருக்காது.

ரப்பர் பேண்ட் முறை எல்லா அணிக்கும் எளிதாக வரும். அட்டையின் இருபக்கமும் நின்ற சுவர் மாதிரி மடித்து, அதில் மேலும் கீழுமாக ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். ஸ்டிரா அந்தப் பள்ளத்தில் ஏறி இறங்கும். பள்ளத்தின் குறுக்கே, ஸ்டிராவுக்கு மேலே, ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டினால் அது ஸ்டிராவைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். பள்ளம் வழிகாட்டும், ரப்பர் தாங்கும். இதில் ஒரு பொறி உண்டு. ரப்பர் ஸ்டிராவின் மேல் உட்கார வேண்டும். கம்பியின் மேல் உட்கார்ந்தால் அது வில் இல்லை, பிரேக். மூன்று அணிகள் இதில் விழுந்தன. இன்னொன்று, அலுவலக ரப்பர் பேண்ட் இந்த எடைக்குக் கடினம். ரங்கநாதன் தெருவில் பாக்கெட்டாக விற்கிற, குழந்தைகளுக்குச் சடை போடும் மெல்லிய ரப்பர்தான் சரியாக வந்தது.

பேனா ஸ்பிரிங்கை எல்லாப் பிள்ளைகளும் முதலில் தேடி ஓடுவார்கள், ஏனென்றால் அது பார்க்கவே ஸ்பிரிங். நான்கை வைத்து ஒட்டிவிட்டு, “மிஸ், வில்லு வெச்சாச்சு” என்பார்கள். நூறு கிராம் அட்டைக் கார் அதன் மேல் உட்கார்ந்தால் அது அசையவே அசையாது. காரில் ஈரமணல் பொட்டலம் ஒன்று ஏற்றினால்தான் வேலை செய்யத் தொடங்கும். வண்டியின் எடைக்கு ஏற்ற மென்மை வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல செயல்விளக்கம் இல்லை.

இப்போது வில்லுக்கு வருகிறேன். நம் ஊரில் கட்டை வண்டி உண்டு, கூண்டு வண்டி உண்டு, வில்வண்டி உண்டு. சாதாரணக் கட்டை வண்டியில் உடல் அச்சின் மேல் நேராக உட்கார்ந்திருக்கும். பாதையில் உள்ள கல்லெல்லாம் உட்காருபவர் முதுகுத்தண்டுக்கு வரும். வில்வண்டியில் அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவில் வளைந்த எஃகுப் பட்டைகள். பட்டை வளைந்து வில்லாகத் தெரிந்ததால் வண்டிக்கே அந்தப் பெயர். அதே பட்டைதான் இன்றும் லாரியின் அடியில் அடுக்கடுக்காக இருக்கிறது. லாரிப் பட்டையில் அடித்த அரிவாள் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்களே, அந்தப் பட்டை. புதுப்பேட்டையில் பழைய உதிரிப்பாகக் கடைகளில் குவிந்து கிடக்கும். ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து பிள்ளைகளைத் தூக்கச் சொல்லுங்கள். சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 1893-இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் போனார். அந்தச் சாலைகளில் நடக்கவே அவருடைய மக்களுக்குத் தடை இருந்த காலம் அது. அவர் வெறும் வண்டியில் போகவில்லை, வில்வண்டியில் போனார் என்பதைப் பிள்ளைகள் கவனித்துக் கேட்டார்கள்.

பொம்மைக்கு எஃகுப் பட்டை வேண்டாம். தென்னை ஈர்க்கு போதும். துடைப்பத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, மூன்று நான்கைச் சேர்த்து, நூலால் நடுவில் கட்டினால் பட்டை தயார். ஓர் ஈர்க்கு, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போய் ஒரே எடைக்கு எவ்வளவு வளைகிறது என்று அளந்தால் அதுவே ஒரு பாடவேளை. இரண்டு அணிகள் ஈர்க்கைச் செய்தன. இரண்டிலும் அது மரக்கட்டை மாதிரி விறைத்து நின்றது. பத்து நிமிடம் யாருக்கும் காரணம் புரியவில்லை, எனக்கும்தான். பிறகு ஒருத்தி வில்லைத் தரையில் வைத்து நடுவில் அழுத்தினாள். முனைகள் இரண்டும் வெளியே நகர்ந்தன. வளைந்தது நிமிர்ந்தால் நீளும் அல்லவா? அவர்கள் இரண்டு முனையையும் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நகர இடமில்லை. ஒரு முனையை ஒட்டிவிட்டு, மறுமுனையைக் காகித வளையத்துக்குள் சறுக்க விட்டதும் வில் உயிர் பெற்றது. லாரியின் அடியிலும் பட்டையின் ஒரு முனை மட்டும் நிலையாகவும் மறுமுனை ஆடும் கொக்கியிலும் இருக்கும். அதை மெக்கானிக்குகள் ஷாக்கிள் என்கிறார்கள். பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கு வெளியே நின்ற மணல் லாரியின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். லாரி நின்றுகொண்டிருந்தது, சாவி டிரைவர் கையில் இருந்தது என்பதை நான் விசாரித்துக்கொண்டேன்.

நம் சென்னையிலேயே ஒரு காலத்தில் செய்த கார் இருக்கிறது. வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு என்ற காரைத் தயாரித்தது. அதன் பின்பக்கத்தில் பட்டை நீளவாக்கில் இல்லாமல் குறுக்காகப் போகும். நடுவில் உடலோடு பிடித்திருக்கும், இரண்டு முனையிலும் ஒவ்வொரு சக்கரம். ஒரே பட்டை இரண்டு சக்கரத்துக்கும் வேலை செய்தது. ஈர்க்கை அப்படிக் குறுக்கே வைத்துப் பார்த்த அணியும் உண்டு. இந்த நீலக் கார்தான் அது. பொம்மைக் கார் வரலாற்றிலேயே இன்னும் சிக்கனமான யோசனை 1968-இல் மேட்டல் நிறுவனம் கொண்டுவந்த ஹாட்வீல்ஸ். முதலில் வந்த அந்த 16 கார்களில் அச்சே வில். இசைக்கருவித் தந்தி மாதிரியான மெல்லிய எஃகுக் கம்பியை வளைத்து அச்சாக வைத்தார்கள். அது முறுகி வளைந்து மேட்டைத் தாங்கியது. கம்பி மெலிந்திருந்ததால் உராய்வும் குறைந்தது, கார் வேகமாகவும் ஓடியது. உங்கள் வகுப்பில் யாரிடமாவது ஒரு ஹாட்வீல்ஸ் இருக்கும். ஆனால் இப்போது வருபவை பெரும்பாலும் விறைப்பான அச்சு. அழுத்திப் பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம்.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு பரிசு வைத்திருக்கிறேன். வில்லின் மேல் வண்டி உட்காரும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள், செ.மீ. அளவில். 5-ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு நொடிக்கு வண்டி எத்தனை முறை ஏறி இறங்கும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். 25 செ.மீ. இறங்கினால் நொடிக்கு ஒன்று. 1 செ.மீ. என்றால் ஐந்து. கால் செ.மீ. என்றால் பத்து. எடையைத் தனியாக அளக்கத் தேவையில்லை, இறக்கம் மட்டும் போதும் என்பதுதான் இதன் அழகு. ரப்பருக்கும் ஸ்பாஞ்சுக்கும் இது தோராயம், ஈர்க்குக்கு நன்றாகவே பொருந்தும். உண்மையான கார்கள் நொடிக்கு ஒன்று முதல் இரண்டு வரை ஆடும்படி செய்யப்படுகின்றன. பொம்மைக்கு அவ்வளவு இறக்கம் கொடுக்க இடமேது? எங்கள் கார்களில் அரை செ.மீ. கிடைத்தாலே அதிகம். அதாவது நொடிக்கு ஏழு.

இந்த ஏழு எங்களுக்கு ஒரு வேடிக்கை காட்டியது. முதலில் செய்த பாதையில் கயிறுகளைச் சீராக 12 செ.மீ. இடைவெளியில் ஒட்டியிருந்தோம். ஈர்க்குக் கார் பலகையிலிருந்து வேகமாக இறங்கி, ஒழுங்காக ஓடி, வேகம் குறைந்துகொண்டே வரும்போது ஓரிடத்தில் திடீரெனத் தவளை மாதிரி குதிக்கத் தொடங்கும். அதைத் தாண்டினால் மறுபடி அமைதி. ஏன் மெதுவாகப் போகும்போது குதிக்க வேண்டும்? 7-ஐ 12-ஆல் பெருக்குங்கள்: நொடிக்கு 84 செ.மீ. அந்த வேகத்தில் போகும்போது நொடிக்கு ஏழு கயிறு. வண்டியின் சொந்த ஆட்டமும் ஏழு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல. ஒத்ததிர்வு என்று பாடத்தில் எழுதிப்போடுகிறோமே, அது தரையில் குதித்துக் காட்டியது. பிறகு கயிறுகளைப் பிய்த்து ஒழுங்கில்லாத இடைவெளியில் ஒட்டினோம். பழைய தழும்புகள் இன்னும் பேனரில் இருக்கின்றன.

இனி அளவிடுவது. ஒரே ஓர் அளவுகோல் வைத்து நான் ஏமாந்ததால், இம்முறை இரண்டு வைத்தோம். முரட்டுப் பாதையில் போன தூரம் ஒன்று. மற்றது, காரின் மேல் ஒரு பாட்டில் மூடி நிறையத் தண்ணீர். பாதையைக் கடந்த பின் எவ்வளவு மிச்சம். இரண்டிலும் ஒரே கார் வெல்லவில்லை. குண்டூசிக் கார் தூரத்தில் நன்றாக வந்தது, தண்ணீரைப் பாதிக்கு மேல் சிந்தியது. மணல் ஏற்றிய பேனா ஸ்பிரிங் கார் மேட்டைத் தாண்டிய பிறகும் ஆடிக்கொண்டே இருந்தது. ஸ்பாஞ்சும் ரப்பரும் ஒரு ஆட்டத்தில் அடங்கின, ஏனென்றால் அவை அமுங்கும்போது வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக இழந்துவிடுகின்றன. எஃகு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும்; அதனால்தான் வண்டிகளில் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஷாக் அப்சார்பர் வேண்டியிருக்கிறது. டைல்ஸில் விட்டால் வில்லே இல்லாத கார்தான் இப்போதும் அதிக தூரம் போகிறது. அதையும் குறித்துவைத்தோம். வில் எல்லா இடத்துக்கும் நல்லது என்று பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது.

தண்ணீர்ப் போட்டியில் ஒன்று நடந்தது. எல்லா அணிகளும் மூடியைக் காரின் பின்னால் வைத்திருந்தார்கள், லாரியில் சரக்கு ஏற்றுவது போல. அந்தப் பையன் மட்டும் நடுவில் வைத்தான். கேட்டேன். “பஸ்ல கடைசி சீட்ல உக்காந்தா தூக்கித் தூக்கிப் போடும் மிஸ். நடுவுல உக்காந்தா அவ்ளோ தெரியாது. அதான்.” பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும் இருக்கை அதிகம் ஏறி இறங்கும், இரண்டு அச்சுக்கும் நடுவில் ஆட்டம் குறைவு. எந்தப் புத்தகத்திலும் நான் அதை நடத்தவில்லை. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் அவன் அதைப் படித்துக்கொண்டிருக்கிறான். மற்ற அணிகள் உடனே மூடியை நடுவுக்கு நகர்த்தின. சிந்தும் அளவு எல்லாருக்கும் குறைந்தது. நகர்த்தலாமா, அது காப்பியடிப்பது ஆகாதா என்று ஒரு வாக்குவாதம். நகர்த்தலாம், ஆனால் யாரிடமிருந்து எடுத்தோம் என்று பதிவுத்தாளில் எழுத வேண்டும் என்று முடிவானது. ஐந்து தாள்களில் அவன் பெயர் இருக்கிறது.

அந்த ஆண்டு முழு ஆண்டுத் தேர்வில் அறிவியலில் அவனுக்கு மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாமதமாக வருவதும் குறையவில்லை, பேருந்து அதே பேருந்துதான். இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான். தாழ்தளப் பேருந்தில் ஏறிய அன்று என்னிடம் வந்து, அது நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்கிறது, உள்ளே ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றா என்று கேட்டான். காற்றுதான் என்றேன். காற்றை வெளியே விட்டால் இறங்கும், மறுபடி நிரப்பினால் எழும். பலூனை வைத்துச் செய்ய முடியுமா என்று அவன் முயன்றுகொண்டிருக்கிறான். இதுவரை இரண்டு பலூன் வெடித்திருக்கிறது.

நேரம் ஆகிவிட்டது என்று தலைமை ஆசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பிளேடால் வெட்டும் வேலையை மட்டும் நீங்களே செய்துகொடுங்கள், மற்றதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பென்றால் ஆறு அணி, ஒரே பாதை. வரிசையில் நிற்கும்போதுதான் அடுத்த அணியின் காரைக் குனிந்து பார்ப்பார்கள். தொடக்க வகுப்புகளில் முக்காலியும் தண்ணீர் மூடியும் போதும்.

பாதையைச் சுருட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசை மேசையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, பேனரின் இரண்டு முனைகளை யாராவது இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடலாம். அந்த ஓரத்தில் இருக்கும் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். நடுவில் வையுங்கள்.